மூன்று மில்லி கனம்

சகாயம், இதை உன் போனுக்கு மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நாலு தடவை அடித்து நாலு தடவையும் அழித்தேன். பிறகுதான் உறைத்தது. உன்னைக் குறை சொன்னது நம் கடை நடுவில், ஆட்கள் முன்னால். அதற்குரிய பதிலை உன் காதில் மட்டும் சொன்னால் அது பாதிப் பதில். நம் கடைத்தெரு வியாபாரிகள் போடுகிற ஆண்டு மலரில் ‘நான் முன்னுக்கு வந்த கதை’ என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டிருந்தார்கள். அந்த நாலு பக்கத்தில் இதைப் போடுங்கள், இல்லாவிட்டால் வெறும் தாளாக விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மலர் அச்சாகி வர நாளாகும், அதனால் உனக்கு இன்றைக்கே போனிலும் அனுப்பிவிடுகிறேன். ஆகவே நீ படிப்பாய். கயிறு வாங்க வருகிற காரைக்கால்மேட்டு ஆட்கள் படிப்பார்கள். கோட்டுச்சேரியிலும் படிப்பார்கள். படிக்கட்டும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எழுந்து போய் வேறு வேலை பார்க்கத் தொடங்கிவிடுவேன், என்னை உனக்குத் தெரியும். போன வருஷம் கோட்டுச்சேரி பக்கிரிசாமி கொண்டுவந்த எட்டு கிராபிக்ஸ் கார்டுகளில் மூன்று கெட்டுப்போனது உன் கையால் அல்ல. என் கையால். நீ முடித்து வைத்ததை நீ இல்லாத நேரத்தில் பிரித்து, வேறு பொருளை வைத்து மூடினேன். கெட்டுப்போன பிறகு காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. இதுதான் விஷயம். இனி எழுதுவதெல்லாம் இது எப்படி நடந்தது என்பதும், இப்போது ஏன் சொல்கிறேன் என்பதும்.

போன மாதம் திருமலைராயன்பட்டினத்தில் உன் சித்தி மகன் செல்போன் கடை திறந்தான். சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்து முடித்ததும் அவன் உன்னைக் கூப்பிட்டு, “வாடா சகாயம், மொத சுவிட்ச நீ போடு” என்றான். நீ சிரித்துக்கொண்டே வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டாய். “வேற யாராச்சும் போடட்டும்டா. என் கைராசி தெரியாதா ஒனக்கு? கடை தொறக்குற அன்னிக்கே மூடணுமா?” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான். வேடிக்கைக்குச் சொன்னதாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கேக் வெட்டி, டீ குடித்து, கிளம்பும்வரை அந்தக் கை வெளியே வரவில்லை. இடது கையால் டீ கிளாஸைப் பிடித்திருந்தாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதோடு போயிருந்தால்கூட இன்னும் கொஞ்ச நாள் தள்ளியிருப்பேன், உண்மையைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கோயம்புத்தூர் விஷயத்தைச் சொன்னாய். அனிமேஷன் படம் செய்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பட்டறைக்காரர், நீ எப்போதோ போட்ட வீடியோவைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு, கார்டு வேலைக்கென்றே உன்னைக் கூப்பிடுகிறார். சனிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார். நீ என்ன சொன்னாய்? “வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேம்மா. அவரு நல்ல மனுஷனாத் தெரியிறாரு. நான் போயித் தொட்டு அவருக்கும் எதுக்குக் கெடுக்கணும்?” திருவாரூரில் மிக்ஸி, கிரைண்டர் விற்கிற கடையில் பில் போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவதாகச் சொன்னாய். அந்த வேலையில் ஒன்றும் குறையில்லை, நானும் வியாபாரம் செய்கிறவள்தான். ஆனால் நீ அங்கே உட்கார்ந்திருப்பது என் பொய்யின் மேல். சனிக்கிழமை வருவதற்கு முன் அதை உருவி எடுத்துவிட வேண்டும். அதுதான் இந்த அவசரம்.

மலர் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், நீ பொறுத்துக்கொள். கம்ப்யூட்டரில் படம் காட்டுவதற்கென்று இருக்கிற அட்டைதான் கிராபிக்ஸ் கார்டு. கிரிப்டோ என்கிற கம்ப்யூட்டர் காசு எடுக்கிறேன் என்று அதை வரிசையாக அடுக்கி, ராவும் பகலும் நிறுத்தாமல் கணக்குப் போட வைப்பார்கள். மைனிங் என்பார்கள். மாடு ஓயும், மோட்டார் ஓயும், இதற்கு ஓய்வே கிடையாது. அட்டையின் நடுவில் ஒரு சிப், அதைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக மெமரி சிப்புகள். எல்லாம் அடுப்பாய்க் கொதிக்கும். மேலே செம்பும் அலுமினியத் தகடுகளுமாக ஒரு மூடி. அதுதான் சூட்டை வாங்கி ஃபேனுக்குக் கொடுக்கும். நடுச் சிப்புக்கும் செம்புக்கும் நடுவே தைலம் மாதிரி ஒரு பேஸ்ட். சுற்றியிருக்கிற மெமரிக்கும் மூடிக்கும் நடுவே மெத்தென்று ஒரு பேட். இரண்டு வருஷம் ஓடினால் பேஸ்ட் சுண்ணாம்பாய்க் காயும், பேட் எண்ணெய் கக்கி இறுகும். சூடு ஏறும். ஏறினால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். “த்ராட்டில் ஆவுதும்மா” என்று நீ முதல்முதலில் சொன்னபோது, வண்டியை முறுக்குகிற த்ராட்டில் என்று நினைத்து, “நல்லதுதானே, வேகமா ஓடட்டும்” என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிறது.

பக்கிரிசாமி கோட்டுச்சேரியில் உரக்கடை வைத்திருக்கிறவர். நிலமும் உண்டு. கடைக்கு மேல் மாடியில்தான் எட்டு கார்டும் ஓடின. பக்கத்தில் அரிசி ஆலை. நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது நினைவிருக்கிறது: “ரெண்டு பெரிய ஃபேன் வச்சிருக்காரும்மா. ரெண்டும் உள்ளதான் ஊதுது. சூடு எங்க போவும்? அதுலயும் அவரு இழுக்குறது காத்து இல்ல, உமி.” ஒரு ஃபேனைத் திருப்பி வெளியே ஊத வைத்தாய். உமித்தூசி வராமல் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாய். பிறகு எட்டு கார்டையும் நம் கடைக்குப் பின்னால் கயிற்றுச் சுருள் வைக்கிற அறைக்குக் கொண்டுவந்தாய். எட்டு நாள் வேலை, நாளுக்கு ஒன்று. வாசலில் படகுக்காரர்களுக்குக் கயிறு அளந்துகொண்டே கதவிடுக்கு வழியே உன்னைப் பார்ப்பேன். தூரிகையால் தூசி தட்டுவாய். காய்ந்த பேஸ்டைப் பஞ்சால் துடைப்பாய். ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை மில்லி கனத்தில் பேட் வேண்டும் என்று அளந்து ஒரு தாளில் படம் போட்டு எழுதிக்கொள்வாய். ஸ்க்ரூவைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவாய். மூடியதைத் திரும்பத் திறந்து, பேஸ்ட் செம்பில் முழுக்கப் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் பூசி மூடுவாய். மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்ப்பாய். கடைசியாக ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு. அது உடைந்திருந்தால் வேறு யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், அதற்காக. இவ்வளவு ஒழுங்கு எனக்கு வராது என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. பெருமையை வாய்விட்டுச் சொன்னால் விலை இறங்கிவிடும் என்கிற கடைக்காரப் புத்தி.

என் புத்தி எங்கே இடறியது என்றால், ஒரே ஒரு சொல்லில். கனம். என் வியாபாரமே அந்தச் சொல்தான். கல்யாணமான புதிதில் உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, நெல் மூடுகிற படுதாவாக ரோட்டோரம் போட்டு விற்றேன். வருகிறவன் எவனும் விலையை முதலில் கேட்க மாட்டான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நிமிண்டிப் பார்த்து, “கனமா இருக்கா?” என்பான். சாக்கை இரட்டையாகத் தைத்தேன், விற்றது. தார்ப்பாய்க்கு மாறினேன், மற்றவர்கள் மெல்லிசு வைத்திருந்த காலத்தில் கனமானதை மட்டுமே வைத்தேன், கடை நின்றது. கயிறா, கனம். மீன் பெட்டியா, கனம். முப்பது வருஷம் விரல் நிமிண்டியே வாழ்ந்தவள். “இவ்ளோ கனம் பாக்குறவ என்னைய மட்டும் ஏன் மெல்லிசாப் பாத்து எடுத்த?” என்று உன் அப்பா தன் ஒட்டிய வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்பாரே, அது வெறும் கேலி இல்லை. எனக்கு வேறு எதையும் பார்க்கத் தெரியாது.

உனக்குப் பேட் வாங்கிவரும் பொறுப்பை நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். வாங்குகிற வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்கிற திமிர். நீ எழுதிக் கொடுத்த ஒரு மில்லி, ஒன்றரை மில்லி பேட்டோடு, கடைக்காரனிடம் பேசிப் பேசி மூன்று மில்லி ஷீட் ஒன்றையும் வாங்கிவந்தேன். விறைப்பாக, ரப்பர் மாதிரி, கையில் பிடித்தால் பொருள் என்று தெரியும். நீ பார்த்ததுமே, “இது வேணாம்மா. கனம் கூடுனா மூடி தூக்கிக்கும். செம்பு சிப்பத் தொடாது” என்று ஒதுக்கி வைத்தாய். நீ சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் வாசலில் ஒருவர் நங்கூரக் கயிறு கேட்டுக்கொண்டிருந்தார். விழுந்ததை நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. கூடுதலாகப் போட்டால் எந்தப் பொருள்தான் கெட்டுப்போகும் என்று மனசுக்குள் ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான்.

நீ எட்டையும் முடித்துவிட்டு நாகப்பட்டினம் போன சனிக்கிழமை காலையில் பக்கிரிசாமி தார்ப்பாய் பார்க்க வந்தார். பின்னறையை எட்டிப் பார்த்தவர், மேசை மேல் கிடந்த ஒரு மில்லித் துண்டை எடுத்து, வேறென்ன, நிமிண்டிப் பார்த்தார்.

“என்னங்க கடைக்காரம்மா இது, அப்பளம் மாதிரி இருக்கு? இதையா உள்ள வச்சிருக்கான் தம்பி?”

“அளவு பாத்துத்தாங்க வச்சிருக்கான்.”

“ஒங்க கடையில மெல்லிசு விக்க மாட்டீங்கன்னு சொல்லுவாங்களே. பையன் வேலையில மட்டும் மெல்லிசா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மத்தியானம் வந்து கார்டுகளை எடுத்துப்போவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் முள் தைத்துவிட்டது. மூன்று மில்லி ஷீட் அலமாரியில் சும்மா கிடக்கிறது. எட்டு நாள் உன்னைக் கதவிடுக்கு வழியே பார்த்ததில் எல்லாம் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. உட்கார்ந்தேன். ஸ்க்ரூவைக் கழற்றினேன். உன் மெல்லிசுப் பேட்டை உரித்துவிட்டு, மூன்று மில்லியைக் கத்தரித்து வைத்தேன். பேஸ்டையும் தாராளமாகப் பிதுக்கினேன். மூடி சரியாக உட்காரவில்லை. தார்ப்பாய்க்கு முடிச்சுப் போடுகிறவள் கை இது, விடுமா? பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். உட்கார்ந்தது. உன் நகப்பூச்சையே எடுத்துப் பொட்டு வைத்தேன். மூன்றாவது முடிவதற்குள் ஷீட் தீர்ந்துவிட்டது, பக்கிரிசாமியின் வண்டிச் சத்தமும் கேட்டுவிட்டது. மற்ற ஐந்தும் தப்பின.

இதை எழுதுகிறபோதே எழுந்து போய் இரண்டு பேருக்குத் தார்ப்பாய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வானம் கிழக்கே கறுத்துக்கிடக்கிறது, கடையில் கூட்டம். ஒருவர் நிமிண்டிப் பார்த்து, “கனமா இருக்குமா?” என்றார்.  “எதுக்கு வேணும்னு சொல்லுங்க, அதுக்கு எது சரியோ அதத் தர்றேன்” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்து நடந்தது உனக்கே தெரியும், ஆனால் உனக்குத் தெரியாத பக்கமும் ஒன்று உண்டு. நாலாம் நாள் பக்கிரிசாமி வந்து, நான் கயிறு வைக்கிற மேசை மேல் ஒரு கார்டைப் போட்டார். படமே வரவில்லை, செத்துவிட்டது. இன்னும் இரண்டு, போட்டுக் கால் மணி நேரத்தில் சூடேறி நொண்டுகின்றன. நீ ஸ்க்ரூவைத்தான் முதலில் பார்த்தாய். பொட்டு முழுசாக இருந்தது. உன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“எட்டையும் ஒரே மாதிரிதானங்க செஞ்சேன்” என்றாய்.

“ஒரே மாதிரி செஞ்சா ஒரே மாதிரிதானப்பா ஓடணும்? அஞ்சு ஓடுது, மூணு ஓடல. வேலையில கொற இல்லங்குற. அப்ப கையிலதான் கொற. ஒனக்குக் கைராசி இல்ல, அவ்ளோதான்.”

கயிறு வாங்க வந்திருந்த காரைக்கால்மேட்டுக்காரர் ஒருவர், “ஆமாங்க, எங்க படகு எஞ்சின்கூட சில பேரு தொட்டா ஸ்டார்ட்டே ஆவாது. எஞ்சினுக்கே தெரியும்போல” என்றார். கடை முழுக்கச் சிரித்தது. “இன்னொரு தடவை தொறந்து பாத்துடுறேங்க, அந்த ரெண்டையும் கொண்டாங்க” என்று நீ கெஞ்சினாய். “நீ தொட்டது போதும் சாமி” என்று செத்த கார்டை உனக்கே விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த நேரம் நான் இரண்டு கையையும் விரித்து அந்த மேட்டுக்காரருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. ‘ஒரு பாகம், ரெண்டு பாகம்’ என்று சத்தமாக எண்ணிக்கொண்டே இருந்தேன். உன்னைத் திட்டியதைவிட அந்த எண்ணிக்கைதான் இப்போது என் காதில் கேட்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் நீ கோயிலுக்குப் போயிருந்தபோது செத்த கார்டைப் பிரித்தேன். நான் பிதுக்கி வைத்த பேஸ்ட் பிதுக்கியபடியே குவிந்து நின்றது. நடுவில் ஒரு பொட்டளவுதான் செம்பில் ஒட்டியிருந்தது. அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், வில்லாய் வளைந்திருந்தது. நான் முறுக்கிய முறுக்கு. நீ சொன்னாயே, செம்பு சிப்பைத் தொடாது என்று. அந்த வார்த்தை அப்போதுதான் முழுசாகக் காதுக்குள் இறங்கியது. திரும்ப மூடினேன். திரும்பவும் பொட்டு வைத்தேன். ‘நீ தொட்டது போதும்’ என்ற பேச்சுக்குப் பிறகு நீ அந்தக் கார்டைத் தொடவே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் உன் அப்பா என் கட்டை விரலைப் பார்த்து, “என்ன இது, அம்பத்தேழு வயசுல நகத்துக்குச் சாயம்?” என்றார். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்த மனுஷன். எந்தத் தாள் எங்கே மாறியிருக்கிறது என்று அவருக்கா தெரியாது? அன்றிலிருந்து மாதம் ஒருதரம், “அவன்ட்ட சொல்லிட்டியா?” என்று கேட்பார். “சொல்றேன்” என்பேன். தானாகச் சொல்லியிருக்கலாமே என்று அவர் மேல் கோபப்படாதே. “நீ செஞ்சத நீதான் சொல்லணும். நான் சொன்னா அது கோள்” என்றுவிட்டார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கடையின் பேர் என்று ஒரு காரணம் சொல்லலாம், அது பாதி. மீதியை எழுதத்தான் கை கூசுகிறது. நான் ஒரு கணக்குப் போட்டேன். கார்டு வேலை உனக்குக் கைகொடுக்கவில்லை என்றானால், கயிற்றுக் கடைக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். எனக்கு முழங்கால் போய்க்கொண்டிருக்கிறது, கடையைப் பார்க்க ஆள் வேண்டும். சரக்கு தேங்கி நிற்கும்போது அதைத் தள்ளிவிட வழி பார்ப்பேனே, அப்படித்தான் உன் தோல்வியையும் பார்த்தேன். நீ கடைக்கு வரவில்லை. ஊரைவிட்டே போனாய். என் வாழ்க்கையில் இவ்வளவு தப்பாக நான் கணக்குப் போட்டதில்லை.

முந்தாநாள் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிக் கோட்டுச்சேரி போனேன். கையில் உன் தாள், நீ படம் போட்டு எழுதியது. உன் அலமாரியில் மிச்சமிருந்த ஒரு மில்லி, ஒன்றரை மில்லித் துண்டுகள். உன் ஸ்க்ரூ டிரைவர். பக்கிரிசாமி உரமூட்டைக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

“என்னங்கம்மா, மழை வர்ற நேரத்துல தார்ப்பாய் விக்காம இந்தப் பக்கம்?”

சொன்னேன், நின்றுகொண்டே. உட்கார்ந்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன் என்று பயம். அவர் முழுசாகக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “அப்ப அந்தப் புள்ளைய நான் பேசின பேச்சு?” என்றார்.

“அதுக்கும் நாந்தான் பொறுப்பு.”

“நீங்க பொறுப்பு ஏத்துக்கிட்டா நான் பேசினது வாய்க்குள்ள திரும்பிப் போயிடுமா? நல்லாப் பண்ணிப்புட்டீங்க போங்க. அப்பளம்னு நான் ஒரு வார்த்த வெளையாட்டுக்குச் சொன்னேன். அதுக்கா?”

“அதுக்குத்தான்.”

தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு மாடிக்குக் கூட்டிப்போனார். நொண்டுகிற இரண்டும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒன்றைக் கழற்றி என் முன்னால் வைத்து, “தொறங்க, பாப்போம்” என்றார். திறந்தேன். அதே குவியல், அதே ஒற்றைப் பொட்டு. அவரே குனிந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “அட, படவே இல்லியே” என்றார். நான் தாளை விரித்து வைத்துக்கொண்டேன். நீ எழுதிய இடத்தில் நீ எழுதிய அளவு. நல்லவேளை, இந்த அட்டை வளையவில்லை. துடைத்துவிட்டு, பேஸ்டைப் பயறளவு வைத்தேன். ஸ்க்ரூவைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக.  ஒரு ஸ்க்ரூ உருண்டு போய் உமியில் விழுந்தது. பக்கிரிசாமி மண்டியிட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தார். மூடித் திறந்து பார்த்தேன். பேஸ்ட் செம்பில் தோசை மாவு மாதிரி முழுக்கப் பரவியிருந்தது. துடைத்து, மறுபடி பூசி மூடி ஓட்டினோம். கால் மணி நேரம் அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முன்பு அந்த நேரத்துக்கெல்லாம் எண்பத்து மூன்று டிகிரியைத் தொட்டு இழுத்துக்கொண்டு கிடக்குமாம். அறுபத்தெட்டில் நின்றது. ஒரு மணி நேரம் ஆயிற்று. அறுபத்தெட்டு. வேகம் குறையவே இல்லை. இரண்டாவதையும் செய்தேன். அதுவும் அப்படியே.

இதை நீ நிதானமாக யோசித்துப் பார். அன்றைக்கு உன்னிடம் மிச்சமிருந்தது கைராசி என்கிற ஒரே பதில்தான். எட்டையும் ஒரே மாதிரி செய்தாய், பொட்டு உடையவில்லை, ஆனாலும் மூன்று ஓடவில்லை. புத்தியுள்ள எவனும் அங்கேதான் போய் நிற்பான். உன்மேல் தப்பில்லை. இப்போது மற்றப் பக்கம் பார். எட்டை ஒரே மாதிரி நீ செய்தாய், எட்டும் ஓடின. மூன்றை நான் என் அளவில் செய்தேன், மூன்றும் நின்றன. அதே விளங்காத கை உன் தாளைப் பார்த்து உன் அளவில் செய்தபோது இரண்டும் ஓடின. கைக்கு ராசி என்று ஒன்று இருந்தால் என் கைக்கு அவை ஓடியிருக்கவே கூடாது. அளவுதான் இருக்கிறது, சகாயம். அது உன்னிடம் சரியாக இருந்தது.

வியாபாரத்தில் ஜெயித்தவள் புத்தி சொல்ல வேண்டும் என்று மலர்க்காரர்கள் எதிர்பார்ப்பார்கள். எனக்கு இப்போது சொல்லத் தெரிந்தது கொஞ்சம்தான். நீ எங்கே வேலை செய்தாலும், முடித்த பொருளை உன்னை நேசிக்கிறவர்கள் கைக்கு எட்டும்படி வைக்காதே. அக்கறையில் தொடுவார்கள், திமிரில் தொடுவார்கள், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே தொடுவார்கள். நீ வைத்த அடையாளத்தையும் முழுசாக நம்பாதே. சந்தேகம் வந்தால் யார் என்ன சொன்னாலும் திறந்து பார். கெஞ்சிக் கேட்காதே, இங்கேயே திறந்து பார்க்காமல் விட மாட்டேன் என்று நில். அன்றைக்கு நீ அப்படி நின்றிருந்தால் அரை மணி நேரத்தில் என் வண்டவாளம் வெளியே வந்திருக்கும். உன் மரியாதை குணம் என்னைக் காப்பாற்றியது, உன்னைக் கைவிட்டது.

பக்கிரிசாமி உன்னிடம் பேச வேண்டும் என்று நம்பர் கேட்டார். கொடுக்கவில்லை. உன்னைக் கேட்காமல் இனி உன் விஷயத்தில் எதையும் நான் பிரிக்க மாட்டேன். “எப்ப வந்தாலும் வீட்டுப் பக்கம் வரச் சொல்லுங்க. என் வாயால பேசினத நானே எடுத்துக்கணும்” என்றார். சொல்லிவிட்டேன். போவதும் போகாததும் உன் இஷ்டம்.

கயிற்றுக் கடைக்கு ஆள் பார்த்துவிட்டேன். போலகத்திலிருந்து ஒரு பெண் திங்கட்கிழமை முதல் வருகிறாள். கணக்காகப் பேசுகிறாள், என்னையே எதிர்த்துக் கேட்கிறாள், சரிப்பட்டு வரும். ஆக, அம்மாவுக்கு முழங்கால், அம்மாவுக்குக் கடை என்று அந்தப் பக்கமும் நீ யோசிக்க வேண்டாம்.

கோயம்புத்தூர்க்காரருக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று நான் கேட்க மாட்டேன். போ என்றும் சொல்ல மாட்டேன். போ, வா என்று சொல்கிற யோக்கியதையை நான் கெடுத்துக்கொண்டுவிட்டேன். ஊர் பிடிக்கவில்லை என்று வேண்டாம் என்று சொல். சம்பளம் போதாது என்று சொல். கார்டையே பார்க்க வெறுப்பாக இருக்கிறது என்றால் அதையும் சொல். உன் காரணம் எதுவானாலும் அது உன்னுடையது. ஆனால் கைராசி இல்லை என்று மட்டும் சொல்லாதே. அது உன் காரணம் இல்லை. அது நான் ஒரு சனிக்கிழமை காலையில் கத்தரித்து உள்ளே வைத்தது.

இதைப் படித்துவிட்டுக் கோபம் வரும். வர வேண்டும். போன் பண்ணு. வழக்கம்போல அப்பாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போக மாட்டேன். கடையில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் ஒரு இடத்தில் உட்கார்ந்து, நீ பேசி முடிக்கும்வரை கேட்பேன்.

அம்மா